ஒரு கட்டு ஸ்ட்ரா

அமெரிக்காவில், பேர்லேண்ட் என்கிற ஊரில் நான் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் எனக்கு மூச்சுச் சோதனை செய்த யாழ்ப்பாணத்து அம்மாளின் பேரைக் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். நரைத்த கிராப்பு, சிவப்புக் கண்ணாடி. நான் குழாயில் ஊதும்போதெல்லாம் அந்த அம்மாளும் கன்னம் உப்பக் கூடவே ஊதுவார்.

முதலில் கம்ப்யூட்டரில் கோடு தாழ்ந்து கிடந்தது. மருந்தை உறிஞ்சவைத்துக் கால் மணி கழித்து மறுபடி ஊதச் சொன்னார். கோடு ஏறி நின்றது.

"மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசை இறுகிப்போச்சு அம்மா. அந்தத் தசையில ரிசெப்டர் எண்டு இருக்கு, காலிங் பெல் மாதிரி. மருந்து போய் அதை அமத்தினா தசை இளகும்."

"அப்ப இது நடிப்பு இல்லையா?"

"ஆர் சொன்னது நடிப்பெண்டு?"

மாப்பிள்ளை என்றேன். பிள்ளையைப் பார்த்துக்கச் சொன்னால் மட்டும் அத்தைக்கு மூச்சு வாங்குது என்று நாலு பேர் முன்னால் அவர் சிரித்ததையும் சொன்னேன்.

அந்த அம்மாள் இழுப்பறையிலிருந்து மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை எடுத்துத் தந்தார். "மூக்கைப் பொத்திக்கொண்டு இதுக்குள்ளால மட்டும் மூச்சு விடச் சொல்லுங்கோ அவரை."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் அதை வாங்கினார். பத்தாவது மூச்சில் முகம் சிவந்து பிடுங்கி எறிந்தார்.

"நடிக்கிறீங்களா மாப்பிள்ளை?" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் கேட்ட முதல் கேள்வி அது. இன்னொரு தடவை கேட்கவும் ஆசையாக இருந்தது.

அந்த இழுப்பறையில் ஒரு கட்டு ஸ்ட்ரா இருந்தது, பாதி தீர்ந்து. முதல் ஸ்ட்ராவை அந்த அம்மாள் யாருக்குக் கொடுத்திருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.