செவ்வாய்க்கிழமை வரை டெல்லியில்: நடன இசை ஆய்வுக்காக ஒரு பயணம்

பிப்ரவரி இரண்டாவது வாரம் டெல்லிக்குப் போய்வந்தேன். எலக்ட்ரானிக் நடன இசைக்கு ஆடுகிறவர்களின் மனநலம் பற்றி மதுரையில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இணையத்தில் என் கேள்வித்தாளை நிரப்பிய இருபத்துமூன்று பேரில் ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவர்தான். லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இருக்கும் தமிழ்ப் பெண். எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார். அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டால் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும் என்று கிளம்பினேன்.

சென்னையில் வியாழன் இரவு பத்து மணிக்கு ரயில். மூன்றடுக்கு ஏசி 2,150 ரூபாய், சுமார் 2,180 கிலோமீட்டர், முப்பத்துமூன்று மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. நாக்பூர் தாண்டியதும் பெட்டியின் இரு கோடிக்கும் நடக்க ஆரம்பித்தேன். எதிர் இருக்கைக்காரர், "யாரையாவது தேடுறீங்களாம்மா?" என்று கேட்டேவிட்டார். சனி காலை ஏழு மணிக்கு டெல்லி. கரோல் பாகில் அறை, நாளுக்கு 1,400.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு மெட்ரோவில் கிளம்பி, ராஜீவ் சௌக்கில் மாறி, சத்தர்பூரில் இறங்கினேன். ஐம்பது நிமிடம், 43 ரூபாய். அந்தப் பெண் ஆட வரச் சொல்லியிருந்த பண்ணை வீட்டுக்கு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு இறங்கினார். "கல்யாணமா?" என்று இந்தியில் கேட்டார். இசை நிகழ்ச்சி என்றதும், "பட்டப்பகலிலா?" என்று கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆம், பகலில்தான். இரண்டு மணி முதல் ஏழு வரை, நுழைவு 800 ரூபாய், மது கிடையாது. புல்வெளியில் இருநூறு பேர் இருக்கலாம். காதை அடைத்துக்கொண்டாலும் தாளம் விலா எலும்பில் வந்து இடித்தது.

ராஜேஸ்வரி அக்கா (பெயர் மாற்றியிருக்கிறேன்) சல்வாரும் ஓட்டக்காலணியும் போட்டு, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தார். திருநெல்வேலிக்காரர். முப்பது வருடமாக டெல்லியில் அமைச்சக வேலை. இளையவர்கள் நடுவே மூன்று மணி நேரம், சிரிக்காமல், நிற்காமல் ஆடினார். நான் நோட்டுப் புத்தகத்தோடு ஓரத்தில் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

ஐந்தரைக்கு டீயோடு வேப்பமரத்தடிக்கு வந்தார். நான் போனில் ஒலிப்பதிவைத் தொடங்கினேன்.

"அத அமத்திருங்கம்மா. அப்பத்தான் நெசத்தச் சொல்லுவேன்."

நிறுத்தினேன்.

"ஆடுத நேரம் மண்டைக்குள்ள ஒண்ணும் ஓடாது. திங்கக்கெழமயும் அச்சாவாத்தான் போவும். செவ்வாக்கெழம சாயங்காலம் ஒரு வெறுமை வரும் பாருங்க. பாத்ரூம்ல கொழாயத் தொறந்துவிட்டு அழுவேன்."

"அப்புறம் ஏங்க்கா எல்லாத்துக்கும் அஞ்சு போட்டீங்க?"

"ஆடி முடிச்சதும் எப்படி இருக்குன்னுதான கேட்டிய? செவ்வாக்கெழமயப் பத்தி ஒரு கேள்விகூட இல்லியே."

இவர் இப்படியென்றால் மற்ற இருபத்திரண்டு பேர்? "தெரிஞ்சும் ஏன் வர்றீங்க?" என்றேன்.

"அந்த மூணு மணி நேரத்துக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆடப் போனார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. திங்கள் காலை நெறியாளருக்குப் போன் செய்தேன். "ஒருத்தங்க சொன்னதுக்காக எல்லாத்தையும் கலைக்காதம்மா, ஏப்ரல் கிட்ட வந்தாச்சு," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாலை நான்கு மணி வரை அறைக்குள்ளேயே சுற்றினேன். பிறகு அன்றிரவு ரயில் டிக்கெட்டை ரத்து செய்து புதன்கிழமைக்கு மாற்றினேன்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, நான் கேட்டுக்கொண்டபடி, ராஜேஸ்வரி அக்கா லோதி தோட்டத்துக்கு வந்தார். அலுவலகத்திலிருந்து நேராக, டிபன் பையோடு. முகத்தில் ஞாயிற்றுக்கிழமையின் சாயலே இல்லை. எட்டுக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு காகிதத்தை எடுக்க மனம் வரவில்லை. வேகமாக நடந்தோம். எனக்கு அந்த வேகம் பழக்கம், அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கும். மூன்றாவது சுற்றில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பாதையைப் பார்த்து நடந்தேன்.

"கேள்வி ஒண்ணும் கேக்கலியா?"

"இன்னைக்கு இல்லக்கா."

"அப்ப ஜல்தி நடங்க. ஏழரைக்குள்ள போயி சப்பாத்தி போடணும்."

இன்னும் இரண்டு சுற்று நடந்தோம்.

ஊர் திரும்பியதும் ஒரு கேள்வியைச் சேர்த்து எல்லோரையும் மறுபடி அழைத்தேன். மூன்றாம் நாள் எப்படி இருந்தீர்கள்? பலர் வழக்கம்போல்தான் என்றார்கள். சிலர் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்கள். ஆய்வேட்டுக்கு செப்டம்பர் வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். இந்தப் பதிவை அக்காவுக்குப் படித்துக் காட்டி, அனுமதி வாங்கித்தான் போடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி வெயில் ஆடத் தோதானது, ஆனால் ஐந்து மணிக்கே குளிரும். ஸ்பீக்கருக்கு நேரே நிற்காதீர்கள். திரும்ப வர ஆட்டோ கிடைப்பது கஷ்டம், கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வையுங்கள். ஆடிவிட்டு அன்றே ஊர் திரும்பாமல் இரண்டு நாள் இருங்கள். மூன்றாம் நாள் மாலை, கேள்வி கேட்காமல் உங்களோடு நடக்கக்கூடிய ஒருவரை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.