வாவல் வராத மூன்று நாள்

ஆவணி பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் குளியல், பள்ளிக்கூடம், கஞ்சி. சாயங்காலம் அம்மா விளக்கேற்றியதும் நான் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். வாழைப்பூவில் தேன் குடிக்கும் சின்ன வாவல்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. உள்ளங்கைக்குள் அடங்குகிற வவ்வால். பூமடலைக் கட்டிக்கொண்டு நீள நாக்கை உள்ளே விடும். அன்றும் ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் தமிழ் ஊர்களை மலையாள ராஜ்ஜியத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டு அது. செங்கல் என்ற ஊரில் தமிழ்க்கொடி பிடித்தவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. என் தாய்மாமாவும் அவர்களில் ஒருவர். அவர் மதுரைக்குப் போயிருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

இருட்டுமுன் ஏட்டு ஒருவர் தனியாக வந்தார். மாமாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்து மூலையில் சருகு சரசரத்தது. ஏட்டு திரும்பிப் பார்த்தார்.

“அது வாவலாக்கும், ஏமானே. வாழைப்பூவுக்கு வாறது” என்றாள் அம்மா.

தப்பான தகவலை என்னால் பொறுக்க முடியவில்லை. “இல்ல, மூணு நாளா வாவலே வரல்ல. அங்க ஒரே பீடி நாத்தம்.”

“அப்பன் பீடி வலிக்குமா மோளே?”

“அப்பா மூக்குப்பொடியாக்கும்.”

அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. ஏட்டு தோட்டத்தைச் சற்று நேரம் பார்த்தார், அங்கே போகவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

“இன்னு வாவல் வரும் மோளே! நாளெ காலத்த நாங்க நாலு பேரு வந்து தோட்டம் முழுக்க நோக்கும். அப்ப அங்க வாவல் மட்டும் இருந்தா போதும்!”

பக்கத்தில் நிற்கும் எனக்குச் சொல்ல இவர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று தோன்றியது. வாழை மூட்டில் சாய்த்திருந்த ஓலைக்கீற்றுகளுக்குப் பின்னால், கையிலிருந்த பீடியை மண்ணில் அழுத்தி அணைத்துவிட்டு அதைக் கேட்டதாக, என் கல்யாணப் பந்தலில்தான் மாமா சொன்னார்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தோட்டத்துக்கு ஓடினேன். ஏட்டு சொன்னது பலித்திருந்தது. பூமடலில் புதிய நகக்கீறல்கள். ஓலைக்கீற்றுகளைக் காணவில்லை. வாழை மூட்டைச் சுற்றி ஒரு பீடித்துண்டு இல்லாமல் பெருக்கியிருந்தது. அம்மா துடைப்பத்தோடு நின்றாள், கண்கள் சிவந்திருந்தன.

வாவலுக்காக இவ்வளவு விடியற்காலையில் எழுந்து பெருக்கினாளே என்று எனக்கு அவள்மேல் மிகவும் பிரியமாக இருந்தது.