வளையத்தின் மேல் விழுந்த பழி

ஜெயப்ரியா சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தால் அவள் தம்பி சிவராஜின் வேலை போயிற்று. கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல, பயத்தில் சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அக்காவும் தம்பியும் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்தில் பிறந்தவர்கள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, அவன் நான்கு வயது சின்னவன். அவள் இயற்பியல் படித்து, பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். அவன் ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், உலோகத்தை அளவு பிசகாமல் வெட்டுகிற சிஎன்சி மெஷின் ஓட்டினான். அவனுக்கு மாதேஸ்வரியைக் கட்டிவைத்த பிறகு மூன்று பேரும் பாகலூர் ரோட்டில் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். காலையில் அவள் அத்திப்பள்ளி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடிப்பாள். அவன் பைக்கில் கிளம்புவான்.

அவள் வேலை என்னவென்று மாதேஸ்வரி ஒருநாள் கேட்டாள். ஜெயப்ரியா விளக்கினாள். ஹீலியம் அணுவின் கருவை ஆல்ஃபா துகள் என்பார்கள். அதை வேகப்படுத்தி, காகிதத்தைவிட மெல்லிய சிர்கோனிய உலோகத் தகட்டின் மேல் விடுவார்கள். தகட்டில் இருக்கிற அணுக்கருக்கள் அதைச் சிதறடிக்கும். எந்தக் கோணத்தில் எத்தனை துகள் வருகிறது என்று எண்ண வேண்டும். அணுக்கருவைக் கண்ணால் பார்க்க வழியே கிடையாது. அது எவ்வளவு பெரியது, அதன் ஓரம் எப்படி முடிகிறது, வந்து மோதுவதில் எவ்வளவை விழுங்கிக்கொள்கிறது என்பதையெல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

"எண்றதுக்கா இத்தனை வருசம்?" என்றாள் மாதேஸ்வரி.

"எண்றது சுலபம். சரியா எண்றதுதான் கஷ்டம்" என்றாள் ஜெயப்ரியா. அப்போது அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் துறையிலேயே ஹரீஷ்குமார் என்று ஒருவர் இருந்தார். அவர் ஆய்வுக்கூடத்துக்குள் வரமாட்டார். கோட்பாட்டின்படி எந்தக் கோணத்தில் எவ்வளவு துகள் வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஒரு கோடு வரைவது அவர் வேலை. ஜெயப்ரியா அளந்த புள்ளிகள் அந்தக் கோட்டின் மேல் விழுந்தால் பழைய கோட்பாடு சரி. விலகினால் அணுக்கருவைப் பற்றிப் புதிதாக ஏதோ தெரிகிறது என்று அர்த்தம்.

துகள்களை வேகப்படுத்தும் இயந்திரம் வடக்கே வேறொரு ஊரில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்து நாள் ஒதுக்குவார்கள். மூன்றாம் வருஷம் அதற்குத் தயாரானபோது அவளுக்கு ஓர் அலுமினிய வளையம் தேவைப்பட்டது. துகளை எண்ணும் டிடெக்டர்களை இடமும் வலமும் சரியான கோணத்தில் மாட்ட, அதில் ஐந்து டிகிரிக்கு ஒரு துளை வேண்டும். பல்கலைக்கழகப் பட்டறையில் ஆறு மாசம் ஆகும் என்றார்கள்.

"படத்தைக் குடு. நான் போட்டுத் தரேன்" என்றான் சிவராஜ்.

அவனுடைய சூப்பர்வைசர் திம்மப்பன் நல்ல மனுஷர். "ஞாயித்துக்கிழமை மெஷின் சும்மாதான நிக்குது, போட்டுக்கோ. ஆனா எழுத்துல ஒண்ணும் வேணாம்பா" என்றார். சிவராஜ் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து செய்தான். கம்பெனியின் அளவுக் கருவியிலேயே ஒவ்வொரு துளையையும் அளந்து, ஒரு தாளில் குறித்து, வளையத்தைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். தாளையும் கொடுத்தான். அவள் தாளை எங்கேயோ வைத்தாள்.

சோதனை முடிந்தது. அவள் புள்ளிகளை ஹரீஷ்குமாரின் கோட்டோடு ஒப்பிட்டபோது, துகள் பின்னால் திரும்பி வருகிற கோணங்களின் புள்ளிகள் அத்தனையும் கோட்டைவிட உயரத்தில் நின்றன. இருபது சதவீதம் அதிகம். வழிகாட்டிப் பேராசிரியர் கிருஷ்ணப்பன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஹரீஷ்குமார் மட்டும், "இன்னொரு தரம் பார்த்துட்டு அனுப்பலாமே" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கட்டுரை வெளியானது. வீட்டில் கேசரி செய்தார்கள்.

எட்டு மாசம் கழித்து, வேறொரு நாட்டு ஆய்வுக்கூடம் அதே அளவீட்டைச் செய்து வெளியிட்டது. அவர்களுடைய புள்ளிகள் விலகாமல் பழைய கோட்டிலேயே விழுந்திருந்தன. ஜெயப்ரியாவின் கட்டுரையைக் குறிப்பிட்டு, 'இந்த மிகையை எங்களால் காண முடியவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

கிருஷ்ணப்பன் அவளைக் கூப்பிட்டார். "இருபது பர்சென்ட். இது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இல்ல. எங்க தப்பு நடந்துச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. தன் மேல் விழாத ஒரு பதில் வேண்டியிருந்தது.

"வளையமா இருக்கலாம் சார். வெளிய ஒரு கம்பெனியில செஞ்சது."

"எந்தக் கம்பெனி?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பெயரைச் சொன்னாள்.

பேராசிரியர் பல்கலைக்கழகத் தாளில் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். உங்களிடம் தயாரான வளையத்தில் அளவுப் பிழை இருப்பதாகச் சந்தேகிக்கிறோம், பரிசோதனை அறிக்கையை அனுப்பவும் என்று. அந்தக் கம்பெனி பெரிய ஆலைகளுக்கு பிரேக் பாகங்கள் செய்து கொடுப்பது. 'அளவுப் பிழை' என்ற சொல்லே அங்கே தீ மாதிரி. தேடிப் பார்த்தார்கள், அப்படி ஓர் ஆர்டரே இல்லை. விசாரித்தபோது சிவராஜ், "சூப்பர்வைசருக்குத் தெரியாது. நானாத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டான். திம்மப்பன் தப்பித்தார். சிவராஜை அன்றைக்கு மதியமே கேட்டுக்கு வெளியே விட்டார்கள்.

அவள் வீடு திரும்பியபோது அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, வளையம் தப்புன்னு நீ சொன்னியா?"

"இருக்கலாம்னுதான்டா சொன்னேன்."

"நான் அளந்து தாள்ல எழுதிக் குடுத்தேன். பாத்தியா?"

அவள் தாளைத் தேடினாள், கிடைக்கவில்லை. அவன் எழுந்து போய் முகம் கழுவினான். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசினான். "சாப்பாடு இருக்கு." "பால் வந்துடுச்சு." அவ்வளவுதான்.

அளவைத் தப்பாகப் போட்டவன் என்ற பேரோடு சிப்காட்டில் வேறு எங்கும் அவனுக்கு மெஷின் கிடைக்கவில்லை. நான்கு மாசம் கழித்து எல்லையைத் தாண்டி, கர்நாடகப் பக்கம், தகட்டை அழுத்தி வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில், ஒரு காண்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தான். தகட்டை வைத்து, பெடலை மிதித்து, எடுத்துப் போடுகிற வேலை. கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பிரஸ் இறங்கியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டைவிரலின் நுனியும் போயிற்று.

ஜெயப்ரியா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாதேஸ்வரி வாசலிலேயே நின்றிருந்தாள். ஐந்து மாச வயிறு. அழுது முடித்திருந்த முகம்.

"உள்ள போங்க அக்கா. மயக்கத்துல இருக்காரு, இப்ப ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றாள். அதில் கோபம் இல்லை. அதனால்தான் ஜெயப்ரியாவால் அதைத் தாங்க முடியவில்லை.

பதினைந்து நாள் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. போன அன்று ஹரீஷ்குமார் அவள் மேஜைப் பக்கம் வந்தார். நடந்ததை அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வளையத்தை யாராவது அளந்தீங்களா?"

யாரும் அளக்கவில்லை. ஆறு மாசம் ஆகிவிட்டது. குற்றம் சொன்னார்கள், கடிதம் எழுதினார்கள், ஒருத்தன் வேலையைப் பிடுங்கினார்கள். வளையம் ஆய்வுக்கூடத்து அலமாரியில் அதே பழைய துண்டில் சுற்றியபடி கிடந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஓசூரில் ஓர் அளவுக்கூடத்துக்குப் போனாள். மதியத்துக்குள் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். எழுபத்திரண்டு துளைகளில் ஒன்றுகூட ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்குக்கு மேல் விலகவில்லை. கொடுத்த பெண், "யாரு மேடம் செஞ்சாங்க? சுத்தமான வேலை" என்றாள். ஜெயப்ரியா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் ரோட்டோரமாகவே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் தன் சோதனை நோட்டையே, எதிரியின் நோட்டைப் படிக்கிறமாதிரி படித்தாள். இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் பத்து டிகிரியில் ஒவ்வொரு டிடெக்டர். இரண்டும் ஒரே எண்ணிக்கை காட்ட வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து வலப்பக்கம் குறைவாகவும் இடப்பக்கம் அதிகமாகவும் வந்திருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து: 'இடது டிடெக்டர் பழசு. கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

இடது டிடெக்டர் நன்றாகத்தான் இருந்தது. துகள் கற்றை வளையத்துக்குள் நேராக நுழையாமல் அரை டிகிரி சாய்ந்து நுழைந்திருந்தது. அதனால் வலப்பக்கத்தில் பத்து என்று அவள் எழுதியது உண்மையில் பத்தரை. அந்தச் சின்னக் கோணங்களில் எண்ணிக்கை செங்குத்தாக விழும், அரை டிகிரிக்கே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தக் குறைந்த எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து மற்ற எல்லாக் கோணங்களின் எண்ணிக்கையையும் அவள் உயர்த்திவிட்டிருந்தாள். அணுக்கரு எதையும் புதிதாகச் சொல்லியிருக்கவில்லை. கற்றையை நேராக நிறுத்த வேண்டியவள் அவள்தான். இரண்டாம் நாள் காலை, நேரமாகிவிட்டது என்று அந்தச் சரிபார்ப்பைப் பாதியில் விட்டவளும் அவள்தான்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சிவராஜிடம் அறிக்கையை நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கினான்.

"வளையம் சரியாத்தான் இருக்குடா. தப்பு என்னுது. ஆரம்பத்துலேர்ந்தே என்னுது."

அவன் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான். பிறகு, "உனக்கு இதத் தெரிஞ்சுக்க என் விரல் போக வேண்டியிருந்துச்சு" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. மாதேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நடுவில் நின்றாள்.

கட்டுரைக்குத் திருத்தம் எழுத வேண்டியிருந்தது. கிருஷ்ணப்பன் ஒரு வரைவு தயார் செய்து கொடுத்தார். 'கோண அளவைக் கருவியில் ஏற்பட்ட இயந்திரப் பிழை காரணமாக' என்று அதில் இருந்தது. மறுபடியும் பழி வளையத்தின் மேல்தான்.

"இது பொய் சார்" என்றாள் ஜெயப்ரியா.

"யாரையும் பேர் சொல்லல. எல்லாருக்கும் கௌரவமா முடிஞ்சுடும். உன் தீசிஸும் நிக்கும்."

"ஏற்கெனவே ஒருதரம் அப்படி முடிச்சாச்சு சார். கற்றையை நேராக்கத் தவறினேன், இடப்பக்கத்துக் கணக்கை ஒதுக்கினேன், வளையத்துல பிழை இல்லைன்னு என் பேருலயே போடுங்க. இல்லாட்டி நானே தனியா எழுதி அனுப்பறேன்."

அவள் சொன்னபடியே எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அவளுடைய உதவித்தொகையை நீட்டிக்கப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார். புள்ளிகளைத் திருத்தியதும் அவை ஹரீஷ்குமாரின் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தன. ஏற்கெனவே வேறொருவர் வெளியிட்டுவிட்ட முடிவு. அதை வைத்து ஆய்வேட்டை முடிக்க இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரைக்கும் ஓசூரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்தாள்.

அச்சான திருத்தத்தையும் அளவு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு சிவராஜின் பழைய கம்பெனிக்கும் போனாள். மேலாளர் படித்துப் பார்த்தார். "அளவுல தப்பில்லன்னா சந்தோஷம்மா. ஆனா ஆர்டர் இல்லாம மெஷின் ஓட்டினது ஓட்டினதுதானே? அதோட, இப்ப அந்தக் கையால அவரு என்ன ஓட்ட முடியும்?" வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் திம்மப்பன் காத்திருந்தார். "ஏம்மா, நான்தான் போட்டுக்கச் சொன்னேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிவராஜும் மாதேஸ்வரியும் குழந்தை பிறந்ததும் பாரூருக்கு, மாதேஸ்வரியின் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் உண்டு. மண்வெட்டி பிடிக்க அவன் இடது கையைப் பழக்கிக்கொண்டான். ஜெயப்ரியா இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். முனைவர் பட்டம் வாங்கின அன்று போன் பண்ணினாள். மாதேஸ்வரிதான் எடுத்தாள். அவன் வயலில் இருப்பதாகச் சொன்னாள்.

பிரஸ் ஷாப்காரர்கள், சிவராஜ் எங்கள் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போன விரல்களுக்கு நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு மூன்றாவது வருஷமாக நடக்கிறது. காண்ட்ராக்டரின் வருகைப் பதிவு, கேட்டில் எழுதிய நேரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்து வைத்திருப்பவள் ஜெயப்ரியாதான். விசாரணைக்கு விசாரணை லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவளும் சிவராஜும் ஒரே பெஞ்சில், நடுவே ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் வக்கீல் விபத்து நடந்த தேதியைக் கேட்டபோது சிவராஜ் வாயெடுக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"கரெக்டா?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. செவ்வாக்கிழமை" என்றான்.

அவள் ஃபைலைத் திறந்து பார்த்தாள். அவன் சொன்னதுதான் சரி. வக்கீலிடம் திருத்திச் சொன்னாள். விசாரணையை மறுபடி தள்ளிவைத்தார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து வந்தார்கள். பாரூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவன் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான்.