ஹெலன் போடாத கையெழுத்து

பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று முப்பத்தொன்று. கணக்குப் பரீட்சையன்று, அவள் சொல்வதை எழுத வர வேண்டியவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தும் எண்பத்தெட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் இரண்டாம் இடம். பார்வையற்றோர் சதுரங்கப் போட்டியில் ஒரு வெள்ளிக் கோப்பை. மூன்று வருடம் துணையில்லாமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வந்தது. அதில் ஒரு நாள் ஜி.எஸ்.டி. சாலையில் கைத்தடி பைக் சக்கரத்தில் சிக்கி உடைந்தும் முதல் பீரியடைத் தவறவிடாதது. பி.ஏ. ஆங்கிலத்தில் முதல் வகுப்பு. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை உத்தரவு. கண் தெரியாதவர்களால் ஒரு செயலியைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. என் தங்கை ஹெலன் இருபத்தொரு வயதுக்குள் ஜெயித்தவை இவை.

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் கண் தெரியாது. நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். பத்தாவதோடு நின்றுவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். ஏறுகிற ஒவ்வொருவரும் ட்ரிப் ஷீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன். இந்தப் பழக்கம் நான் செய்த தவறுக்குப் பாதிக் காரணம். மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

பட்டமளிப்பு விழா ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. அப்பா ஆபிரகாமும் அம்மா வரலட்சுமியும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று இருபதுக்கு ஹெலன் பெயரை வாசித்தார்கள். ஒரு மாணவி கையைப் பிடித்துப் படியேற்ற வந்தாள். ஹெலன் அவள் தோளை மட்டும் தொட்டுக்கொண்டு ஏறினாள். எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் அப்பா தட்டிக்கொண்டிருந்தார்.

மேடையில் கொடுத்தது வெறும் உறை. விழா முடிந்ததும் அலுவலகத்தில் பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்வது அந்தக் கல்லூரி வழக்கம். அந்தச் சான்றிதழ் எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசலைச் சிறுசேரியில் காட்டினால்தான் புதன்கிழமை ஹெலன் வேலையில் சேரலாம். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அந்த இடம் போய்விடும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள்.

அப்பா அம்மாவை வேனில் உட்கார வைத்துவிட்டு நானும் ஹெலனும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் பெயர் சரவணகுமார். பதிவேட்டைத் திருப்பி வைத்தார். ஹெலன் வழக்கம்போல் இடது கைப் பெருவிரலை நீட்டினாள். வங்கியிலும் தேர்வு அறையிலும் அவள் ரேகைதான் வைத்து வந்தாள்.

"கைநாட்டு எதுக்கும்மா? நீங்கதான் கையெழுத்து போடுறவங்களாச்சே. அப்ளிகேஷன்ல நல்லா சுழிச்சுப் போட்டிருக்கீங்க."

"நான் எங்கயும் போட்டதில்ல சார்," என்றாள் ஹெலன்.

சரவணகுமார் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் விண்ணப்பத்தை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார். விண்ணப்பத்தில் உள்ளது போலவே போட்டால் சான்றிதழைக் கொடுத்துவிடுவாராம். இல்லாவிட்டால் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கே தெரியாதாம். பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வேனுக்கு நடந்து வரும்போது ஹெலன் கேட்டாள்.

"என் கையெழுத்து எப்டிண்ணா கீது?"

நான் சொன்னேன். முதலில் ஒரு பெரிய எழுத்து, அதிலிருந்து வால் போல ஒரு சுழி, கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. கல்லூரியில் சேர்ந்தபோது சேர்க்கை விண்ணப்பத்தில் ஒன்று, போன வருடக் கடைசியில் பட்டத்துக்கான விண்ணப்பத்தில் ஒன்று, ஆக இரண்டு இடத்தில் நான் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

"புள்ளி எதுக்கு?"

"அழகுக்கு."

அவள் கைத்தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான் ஏன் போட்டேன் என்பதுதான் மீதிப் பாதி. அப்பா அச்சரப்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். இப்போது இங்கே ஒரு அரிசி மண்டியில் காவலாளி. எங்கள் வீட்டுக் காகிதம் எதுவானாலும் அவருடைய பெருவிரல் ரேகை நீல மையில் இருக்கும். ரேஷன் கடையில், பள்ளியில், கிராம அலுவலகத்தில் அவர் மை தடவிய விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்லூரி விண்ணப்பத்தில் 'மாணவர் கையொப்பம்' என்று அச்சிட்ட கட்டத்தில் அதே நீல மை விழ வேண்டாம் என்று நினைத்தேன். ஹெலனிடம் கேட்கவில்லை. கையெழுத்து வேண்டுமா என்று அவள்தான் அன்று கேட்டாள். நான் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா சாலமோன் அச்சரப்பாக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். ஞாயிறு காலை சபையில் நன்றி ஜெபம், மதியம் வீட்டில் சாப்பாடு, பிற்பகல் எல்லோரும் மாமல்லபுரம் போவது என்று ஏற்பாடு. நாங்கள் வந்ததும் வராததுமாகச் சித்தப்பா உறையை வாங்கித் திறந்தார்.

"இன்னாடா இது, கல்யாணத்துக்குக் கூப்ட்டு வெறும் பந்தலக் காட்டுற?"

திங்கட்கிழமை தருவார்கள் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் அதை எட்டுப் பேருக்குச் சொல்லும்படி ஆயிற்று.

நான்கு மணிக்கு ஹெலனைப் பின்னறைக்கு அழைத்துப் போனேன். புதுச் சட்டை வந்த அட்டைப் பெட்டியின் மூடியில் அந்தக் கையெழுத்தைப் பெரிதாக வரைந்து, கோட்டின் மேல் ஃபெவிகால் விட்டு, மின்விசிறிக்கடியில் காயவைத்திருந்தேன். காய்ந்ததும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாளில் போட வேண்டும். பேனாவை எப்படிப் பிடிப்பது என்பதில் தொடங்கி ஏழு மணி வரைக்கும் ஐம்பத்திரண்டு முறை போட்டாள். தாள்களுக்கு எண் போட்டு அடுக்கினேன். நாற்பத்தாறாவது ஏறக்குறைய ஒத்திருந்தது. ஐம்பதாவதை நானே போட்டது என்று சொல்லலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஹெலன் பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மாவோடு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை சரியாக இருந்தது. சபையில் போதகர் ஹெலனை முன்னால் அழைத்து நிறுத்தி ஜெபித்தார். பன்னிரண்டு கிலோ அரிசியில் பிரியாணி. நூறு பேர் என்று கணக்கிட்டதில் நூற்றுப் பதினேழு பேர் வந்தார்கள். அம்மா கடைசிப் பந்தியில் ரசச்சோறு சாப்பிட்டார். மூன்று மணிக்குப் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். முதலாளி சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் வேனைக் கொடுத்திருந்தார்.

மற்றவர்கள் தண்ணீரில் இறங்கியதும் அட்டையை எடுத்துக்கொண்டு ஹெலனை வேனின் படியில் உட்கார வைத்தேன். இன்னும் ஒரு இருபது முறை போட்டால் மறக்காது என்று சொன்னேன். அப்பா மணலில் நடக்க முடியாமல் முன் சீட்டிலேயே இருந்தார். ஹெலன் அட்டையை வாங்கி ஒரு தரம் தடவினாள். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"இது உன் கையெழுத்துண்ணா. இத நான் நாளிக்கிப் போட்டேன்னு வையி, பேங்க்ல, ஆபீஸ்ல, சாவற வரிக்கும் உன்ன மாதிரியே போட்டுகினு இருக்கணும்."

புதன்கிழமை வேலையை நினைவுபடுத்தினேன். அது அவளுக்கும் தெரியும் என்றாள். முதலில் சான்றிதழை வாங்கிவிடுவோம், கையெழுத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். வேலையில் சேரும்போது போடுவதுதான் கடைசி வரைக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தன் கையெழுத்தைத் தானே போடுவதாகவும், விண்ணப்பத்தில் இருப்பதைப் போட்டது நான்தான் என்று நான் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

கடிதம் என்றதும் எனக்குப் பயம் வந்தது. அடுத்தவர் கையெழுத்தைப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அது போலீஸ் வரைக்கும் போகலாம். எனக்குப் போலீஸ் சரிபார்ப்புச் சான்று இருந்தால்தான் வண்டியைக் கம்பெனிக்குள் விடுவார்கள். அதைவிட, அவள் வேலை போய்விடும். இரண்டையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது.

அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பினார். முதல் நாள் நடந்தது அதுவரை அவருக்குத் தெரியாது.

"ஏன்டா, அந்தப் புள்ள ரேக வச்சா இன்னா? நாப்பது வருசமா நான் வக்கிறேன். இது உன்னுது இல்லன்னு ஒருத்தனும் என்னக் கேட்டது கெடையாது."

நான் அட்டையைச் சீட்டில் வைத்தேன்.

"ரேகையும் வேணா நைனா," என்றாள் ஹெலன். "நான் எழுதறேன்."

விடுதிப் பள்ளியில் படிக்கும்போது மரத்தில் செய்த ஆங்கில எழுத்துகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில் அவள் பெயரில் ஐந்து எழுத்து. ஐந்திலும் வளைவு இல்லை, எல்லாம் நேர்க்கோடு. அட்டையின் மீதித் துண்டில் விரல் அளவுக்கு நீளமாக ஒரு சன்னல் வெட்டித் தரச் சொன்னாள். அதைத் தாளில் வைத்துக்கொண்டால் எழுத்து மேலும் கீழும் ஓடாது. பக்கத்து மீன் வறுவல் கடையில் கத்தி வாங்கி வெட்டிக் கொடுத்தேன். ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் அவள் முதலில் எழுதியது ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து வெறும் வேலிப் படல் மாதிரி இருந்தது. அம்மா ஈரப் புடவையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் அவள் விரலைத் தள்ளி வைத்தார். சித்தப்பா சுண்டல் பொட்டலத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"டாக்டருங்கோ எழுத்து இத்தவிட மோசமாத்தான் கீது. நீ போடு பாப்பா."

முட்டுக்காடு படகுத்துறைக்கும் போவதாக இருந்தோம். நேரம் ஆகிவிட்டதால் போகவில்லை. சித்தப்பாவின் பிள்ளைகள் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணி ட்ரிப்பை வேறு டிரைவருக்கு மாற்றிவிட்டுக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியதில் 'தெரியாமல்' என்று ஒரு சொல் இருந்தது. ஹெலன் படித்துக் காட்டச் சொன்னாள். தெரிந்துதானே போட்டாய் என்று கேட்டாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். மொத்தம் ஐந்து வரி. கீழே என் பெயர், தேதி, என் கையெழுத்து.

பத்து ஐந்துக்குச் சரவணகுமாரிடம் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார்.

"இத நீங்க குடுக்கலன்னா எனக்கும் வேல மிச்சம், உங்களுக்கும் மிச்சம்," என்றார் என்னிடம். "குடுத்துட்டீங்க. இனிமே நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். இரண்டு மணி இருபது நிமிடம் காத்திருந்தோம். ஹெலன் தொடையில் விரலால் எழுதிக்கொண்டே இருந்தாள்.

முதல்வர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நான் செய்தது குற்றம் என்றும், நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னார். எடுத்தால் ஒழுங்காகப் படித்துத் தேறிய பெண்ணின் சான்றிதழ்தான் முடங்கும் என்பதால், கடிதத்தைக் கோப்பில் வைத்து எச்சரித்து விடுவதாகச் சொன்னார். அது இன்னமும் அந்தக் கோப்பில் இருக்கிறது. பிறகு ஹெலனை அழைத்து ஒரு புது மாதிரிக் கையொப்ப அட்டையைக் கொடுத்து, தன் முன்னால் மூன்று முறை போடச் சொன்னார். அட்டைச் சன்னலை வைத்துக்கொள்ளலாமா என்று ஹெலன் கேட்டாள். வைத்துக்கொள்ளலாம் என்றார்.

முதலாவதில் இரண்டு எழுத்துக்கு நடுவில் இடைவெளி அதிகம். இரண்டாவது நன்றாக வந்தது. மூன்றாவதில் கடைசி எழுத்து சன்னலைத் தாண்டி ஏறிவிட்டது. மூன்றும் ஒருவர் போட்டதுதான் என்று பார்த்தால் தெரிந்தது. சரவணகுமார் பழைய விண்ணப்பங்கள் இரண்டிலும் நான் போட்டதைச் சிவப்பு மையால் அடித்து, 'ரத்து' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார்.

அதன் பிறகு பதிவேட்டிலும் ஹெலன் போட்டாள், வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு. ஒன்று பத்துக்குச் சான்றிதழ் அவள் கையில் இருந்தது. மூன்றரைக்குள் சிறுசேரியில் காட்டிவிட்டோம். புதன்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

இனி அவள் காகிதங்களில் தேதி கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். என் தங்கை ஆ. ஹெலன் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 16.06.2025, திங்கட்கிழமை.