கொதிக்க வைக்கச் சொன்னேன்

நான் ஒரு கிணற்றைக் கெடுத்தேன். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடம் பொய்யும் சொன்னேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. ரத்தோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரசாயனம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூட அலமாரியில் ஈயமும் பாதரசமும் கலந்த கழிவுக் கரைசல்கள் பல வருடங்களாகப் போத்தல் போத்தலாகச் சேர்ந்திருந்தன. வெடிமருந்து தேடிச் சோதனைக்கு வருகிற படையினர் ஒரு தமிழ் ஆசிரியரின் பொறுப்பில் இவ்வளவு இரசாயனத்தைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். ஒரு சனிக்கிழமை, யாரும் இல்லாத நேரம், அத்தனையையும் பின்வேலியோரக் குழியில் ஊற்றி மூடிவிட்டேன்.

வேலிக்குக் கீழே மிளகுத் தோட்டத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்மணியை நாங்கள் ராத்தா என்போம். அடைமழை பெய்து சில வாரங்களில் அவர் என்னைத் தேடி வந்தார்.

“சேர், கெணத்துத் தண்ணி ஒரு மாதிரி கைக்குது. புள்ளைகள் குடிக்க மாட்டேங்குதுகள். நீங்க படிச்சவர், என்னண்டு செல்லுங்க.”

“மழைத்தண்ணி கலந்திருக்கும் ராத்தா. கொதிக்க வைச்சுக் குடியுங்கோ.”

கொதித்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடும். இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

மறுநாளிலிருந்து அவர் முற்றத்து அடுப்பின் புகை ஆய்வுகூட ஜன்னலில் தெரிந்தது. எட்டு நாள் ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பாடம் நடத்தினேன். ஒன்பதாம் நாள், அவருடைய சின்ன மகளை வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். பிறகு ராத்தாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“எட்டு நாள் வெறகு எரிச்சேன் சேர்,” என்றார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். கல்லூரி அதிபரிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டேன். திட்டினார், ஆனால் கைவிடவில்லை. கிணற்றை மூடினோம். குழி மண்ணைத் தோண்டிப் பீப்பாக்களில் அடைத்தோம். கல்லூரிக் குழாயிலிருந்து வேலி தாண்டிப் பைப்பு இழுத்துக் கொடுத்தோம். அதன்பின் என் வகுப்பில் பரிசோதனைகள் எல்லாம் சொட்டுக் கணக்கில்தான் நடந்தன. மூன்று மாதத் தவணை ஒன்றின் கழிவு முழுதும் ஒரே போத்தலில் அடங்கியது.

ஓய்வு பெற்ற அன்று ராத்தா வீட்டுக்கு விடைபெறப் போனேன். அந்த மகள்தான் தேநீர் கொண்டுவந்தாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“பைப்புத் தண்ணிதான் சேர். பயப்படாமக் குடிங்க,” என்றார் ராத்தா.

குடித்தேன். ஆனாலும், இன்றுவரை வீட்டில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டால், என்னால் சமையலறைப் பக்கம் நிற்க முடிவதில்லை.