எப்போதும் இன்னொரு கார்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சுங்கைப் பட்டாணியில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடியிருந்தது. பழைய நாவல் ஒன்றைப் பற்றி நான்தான் பேச வேண்டும். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம்! கூடவே ஒரு படபடப்பும் இருந்தது. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தவர், கூட்டம் முடிந்ததும் அலோர் ஸ்டாரிலிருந்து வந்து என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அன்றைக்குப் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நல்லவர்தான், தெரியும். ஆனால் 'சரி' என்ற சொல் மட்டும் வாயில் வரமாட்டேன் என்றது.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன், படிக்கப் போகிறவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும். சின்ன வயதில் கதாநாயகியை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போன அப்பா, திரும்பி வரவே இல்லை. வளர்ந்து நல்லவன் ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். அப்படியும் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று மாட்டுவண்டிகளின் மணிச்சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் வண்டி மணி கேட்டால்தான் உலை வைப்பாள். அவனுக்குத் தெரியாமல் ஒரு துணிமூட்டையும் கட்டிப் பக்கத்து வீட்டில் வைத்திருப்பாள். ஒருநாள் அந்த மூட்டை அவன் கண்ணில் பட்டுவிடுகிறது. அதோடு எல்லாம் உடைகிறது.

"அவ கெட்டிக்காரி!" என்று மேசையைத் தட்டினேன். "யாரும் வரலைன்னாலும் தானே போய்க்க ஒரு வழி வச்சிருக்கா. அதுல என்ன தப்பு?"

"மணிச்சத்தமா? அந்தக் காலத்து லைவ் லொகேஷன்லா அது!" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

மாடியே அதிரச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து என் போன் ஒளிர்ந்தது. நான் முன்பதிவு செய்திருந்த வாடகைக் கார் வந்துகொண்டிருக்கிறதாம்.

தோழி எட்டிப் பார்த்தாள். "ஏய், உன் ஆளுதானே வர்றாரு? இது யாரு காடி, வாடகைக் காரா?"

"எப்பவும் ஒன்னு புக் பண்ணி வச்சுக்குவேன். அவர் வரலைன்னா..."

"எப்பவாச்சும் வராம இருந்திருக்காரா?"

"இல்ல."

சொன்ன கணமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டை! என் மூட்டை போனுக்குள் இருந்தது!

சிடாம் கிரி பக்கம் என் ஆரம்பப் பள்ளி. அப்பா, அம்மா இருவருக்கும் தொழிற்சாலையில் ஷிஃப்ட். அம்மா கூட்டி வருவார் என்று அப்பா நினைப்பார், அப்பா போவார் என்று அம்மா. பள்ளிக் காவலுக்கு இருந்த ஜாகா அண்ணன் கேட்டைப் பூட்டும்வரை நான் மட்டும் நிற்பேன். பிறகு நடந்தே வீட்டுக்குப் போவேன். எப்படி வந்தாய் என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

அந்தக் காரை ரத்து செய்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் கீழே கடை ஓரமாக வந்து நின்றேன். மழை கொட்டுகிறது. கார்கள் வருகின்றன, நிற்காமல் போகின்றன. நான் மறுபடியும் அந்தப் பள்ளி கேட்டில் நிற்கிறேன்! கை பைக்குள் போகத் துடித்தது. விடவில்லை.

வந்துவிட்டார். எட்டிக் கதவைத் திறந்துவிட்டு, "என்ன, இன்னிக்கு ஒன்னும் கேன்சல் பண்ணலையா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்லா. எப்பவும் போனைத் தட்டிட்டுத்தானே ஏறுவே. ஒரு தடவை அந்த டிரைவர் என் பின்னாலயே நின்னு ஹார்ன் அடிச்சாரே!"

"ஏன் கேக்கலை?"

"நீயா அதை விடுவேன்னு பாத்தேன்."

"சரி," என்றேன்.

"என்ன சரி?"

"ஐயோ, நீங்க கேட்டதுக்குத்தான்!"

பின்னால் நின்ற கார்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. அவர் காரை எடுக்கவே மறந்து உட்கார்ந்திருந்தார்.

இன்றும் அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் என் கட்டைவிரல் தானாக அந்தச் செயலியைத் தேடிப் போகிறது. அந்த நாவலின் மாட்டுவண்டி மணி மனசுக்குள் கேட்டதும் போனை உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.