அறுபது வரை எண்ணுவது

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து விழுப்புரத்தில் டயாலிசிஸ் நடக்கும் கட்டடம் வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர். என் காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு நூற்று எண்பத்து மூன்று சென்டிமீட்டர் போகும். ஆக, போவதற்கு மட்டும் இருபதாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சுற்று. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் அவள் இயந்திரத்தோடு இருக்க வேண்டும்; வாரத்துக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு குறையக் கூடாது. வேறு கவலைகளும் இருந்தன. ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் பின்பக்கத்து இடது டயரில் காற்று குறையத் தொடங்கியது. மாலையில் முப்பது பவுண்டு பிடித்தால் காலையில் இருபத்தாறு. பஞ்சர் கடைக்காரர் மூன்று தடவை சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். வால்வை மாற்றினார்.

"சார், ஆணியும் இல்ல, ஓட்டையும் இல்ல. காத்து மட்டும் போய்க்கினே இருக்குது. சக்கரத்தையே கயட்டி உள்பக்கம் பாத்துடலாமா?"

"சக்கரத்தைப் பாக்க வேணாம். அத நான் பாத்தாச்சு," என்றேன்.

"எப்ப பாத்தீங்க?"

"பதிமூணு வருஷத்துக்கு முன்னால."

அவர் சிரித்தார். "நல்லா பாத்தீங்க போங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னைக்குத் தெற்கே அலாய் சக்கரம் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். அலுமினியத்தோடு கொஞ்சம் சிலிக்கான் சேர்த்து எழுநூறு டிகிரியில் உருக்குவார்கள். உருகியதை மேலிருந்து ஊற்றுவதில்லை. கீழிருந்து காற்றழுத்தம் கொடுத்து அச்சுக்குள் ஏற்றுவார்கள். விளிம்பு முதலில் இறுக வேண்டும், நடுப்பகுதி கடைசியில். இந்த வரிசை பிசகினால் உலோகத்துக்குள் பஞ்சு மாதிரி நுண்ணிய துளைகள் விழும். பிறகு எக்ஸ்ரே. பிறகு உலையில் மணிக்கணக்காகச் சூடேற்றி, வெந்நீரில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து உரமேற்றுவது. அதன் பிறகுதான் லேத்தில் கடைசல்.

பதினான்கு அங்குலச் சக்கரம் என்றால் எல்லோரும் விளிம்புக்கு விளிம்பு டேப்பைப் பிடித்துப் பதினைந்துக்கு மேல் வருகிறதே என்பார்கள். விளிம்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டயர் உட்காரும் இடத்திலிருந்து எதிரே உட்காரும் இடம் வரைதான் பதினான்கு. அகலத்தையும் அப்படித்தான், விளிம்புச் சுவர்களுக்கு உள்ளே அளக்க வேண்டும். என் சக்கரத்துக்கு ஐந்தரை. நான்கு போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் குறுக்களவு நூறு மில்லிமீட்டர். தொண்ணூற்றெட்டு உள்ளதையும் நெருக்கி மாட்டிவிடலாம். மாட்டிய பிறகு ஆடும்.

கடைசலுக்குப் பின், பெயின்டுக்கு முன், என் இடம். சக்கரத்தின் இரு பக்கத்தையும் ரப்பரால் அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். அறுபது எண்ண வேண்டும். குமிழி வராவிட்டால் உள்பக்கத்தில் பதினேழு என்று குத்துவேன். அது என் எண். ஓய்வு பெற்றபோது ஊழியர் விலையில் நான்கு சக்கரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்ற ஆய்வாளர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அடுக்கில் தேடித் தேடிப் பதினேழு குத்தியிருந்த நான்கைப் பொறுக்கி எடுத்து வந்தேன்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, விக்கிரவாண்டிக்கு முன்னால் கார் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு படிந்து கிடந்தது. எனக்கு எழுபத்தோரு வயது. ஸ்டெப்னி மாற்ற ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அவள் சேலைத் தலைப்பை முகத்தில் பிடித்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினார். "அய்யா, அடுத்த பேஷன்ட் வந்து உக்காந்துக்கினு இருக்காரு. மூணு மணி நேரந்தான் குடுக்க முடியும்."

"அவங்களுக்கு ரெண்டு கிலோ நானூறு தண்ணி ஏறியிருக்கும்மா."

"முடிஞ்ச வரைக்கும் எடுத்துடறேங்க."

ஒன்றரை கிலோ எடுத்தார்கள். மீதி தொள்ளாயிரம் கிராம் தண்ணீர் அவள் உடம்பிலேயே வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் வைத்திருந்தார்கள். இதயத்தில் தண்ணீரின் சுமை விழுந்துவிட்டது, இனிமேல் பழையபடி இருக்காது என்றார் டாக்டர்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் சக்கரத்தை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். டயரோடு முழுச் சக்கரத்தையும் சிமென்டுத் தொட்டியில் அமுக்கச் சொன்னேன். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வரை ஒன்றும் இல்லை. நாற்பத்து நான்கில், ஆரக்கால் விளிம்போடு சேரும் மூலையில், கடுகளவு ஒரு குமிழி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. பெயின்ட் இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்தது. அது உரிந்ததும் துளை திறந்துவிட்டது. குமிழிக்கு நான்கு விரல் தள்ளிப் பதினேழு.

"ஏன் சார், நாப்பதுலயே நிறுத்திக்கினு இருந்தா பாஸுதான்," என்றார் கடைக்காரர்.

மாதக் கடைசி மூன்று நாட்களில் சரக்கு ஏற்ற லாரி தொழிற்சாலை வாசலில் நிற்கும். அந்த நாட்களில் நான் அறுபதை நாற்பதில் முடிப்பேன். நாற்பதுக்கு மேல் குமிழி வந்து நான் பார்த்ததே இல்லை. நாற்பதுக்கு மேல் நான் பார்க்காததும் ஒரு காரணம். மாதத்துக்கு மூன்று நாள், வருடத்துக்கு முப்பத்தாறு, ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது சக்கரம். அந்தப் பெருக்கலை ஒருமுறைதான் போட்டேன்.

வீட்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கால் வீக்கத்தை விரலால் அமுக்கி, குழி மேலே வருகிறதா என்று பார்த்தாள்.

"செவ்வாயும் சனியும் போதுங்க. வியாழக்கெழம வாணாம்."

"எட்டு மணிதான் வரும். பன்னண்டு வேணும்."

"நீங்க மட்டும் அறுவதை நாப்பதுல முடிச்சீங்கல்ல. நானும் அப்டியே முடிச்சிக்கிறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். நான் இரண்டு தடவை கெஞ்சினேன். வியாழக்கிழமைகளில் அவள் வாசல் கதவைத் திறப்பதேயில்லை.

இப்போது பின்பக்கத்தில் இரும்புச் சக்கரம் ஓடுகிறது. முப்பது பவுண்டு முப்பதாகவே நிற்கிறது. வியாழன் காலையிலும் போய்க் காற்றை அளந்து பார்க்கிறேன். முப்பதுதான் இருக்கிறது.